அடுப்பு பற்றவைக்காத காலை

சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங்மிங் நாளுக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கீழ்வீட்டு ஆயி மாடிப்படியில் பாதி ஏறி நின்று குரல் கொடுத்தார். "மாவு சூடாக இருக்கும்போதே வந்தால்தான் பிடிக்க வரும். சீக்கிரம் வா."

பார்த்துக்கொண்டிருந்த துணித் துண்டுகளை அப்படியே மேசையில் விட்டுவிட்டு இறங்கினேன்.

நான் இருப்பது சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், ஷாவ்சிங் நகரத்தின் கெச்சியாவ் பகுதியில். துணி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. அவ்வளவு பெரிய துணிச் சந்தை இது. ஈரோட்டில் பிறந்து வளர்ந்த எனக்குச் சந்தை இரைச்சலும் சாய வாடையும் புதிதில்லை. ஊர் வியாபாரிகளுக்காகத் துணி பார்த்து, நிறம் ஒத்துப் பார்த்து, மீட்டர் சரிபார்த்து அனுப்பும் வேலை. வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமும் இதே வீட்டு மாடிதான்.

அம்மா வயதுப் பெண்களை இங்கே ஆயி என்று கூப்பிடுவார்கள். சின்னம்மா, பெரியம்மா போல ஒரு முறைச்சொல். நம் ஊர் ஆயி மாதிரியே காதில் விழும் என்பதால், வந்த முதல் வாரத்திலேயே எனக்கு வாயில் படிந்துவிட்ட முதல் சீனச் சொல் அதுதான்.

சமையலறைக்குள் நுழைந்ததுமே வாசனை. ஆயியின் கையெல்லாம் பச்சை. ஐ என்று ஒரு செடி உண்டு. வாய்க்கால் கரையில், வயல் வரப்பில் இளவேனில் தொடங்கும்போது துளிர்க்கும். அந்தத் துளிரைப் பறித்து, துளி சோடா உப்பு போட்டு வேகவைத்து, கசப்புத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு அரைக்க வேண்டும். பசைப்புள்ள அரிசி மாவோடு கொஞ்சம் சாதா அரிசி மாவும் கலந்து, அரைத்த விழுதைச் சேர்த்துச் சுடச்சுடப் பிசைய வேண்டும். வெறும் பசை அரிசி மாவானால் வெந்தபின் சப்பென்று உட்கார்ந்துவிடும் என்று ஆயி சொல்வார். அந்த வாசனை என்னவென்று முதல் வருஷம் பிடிபடவே இல்லை, ரொம்பத் தெரிந்த வாசனையாக மட்டும் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, நம் மரிக்கொழுந்தும் இந்த ஐ செடியும் ஒரே இனத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு. என் அமுச்சி தலையில் வைத்துக்கொள்ளும் சரத்தில் இருந்த அதே சாயல்.

கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்த கைக்கு இது சுலபம். மாவைக் கிண்ணமாகக் குழித்து, பூரணம் வைத்து, பாதி நிலா மாதிரி மடித்து, விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி மூட வேண்டும். இனிப்புக்கு எள்ளும் சர்க்கரையும். காரத்துக்கு மூங்கில் குருத்து, ஊறவைத்த கடுகுக் கீரை, காய்ந்த டோஃபு, கொஞ்சம் பன்றி இறைச்சி. எனக்காக இறைச்சி இல்லாமல் பத்துப் பன்னிரண்டு தனியாகச் செய்து, அடையாளத்துக்கு நுனியை மட்டும் கூராகக் கிள்ளிவிடுவார். ஷாங்காய் பக்கம் இதையே உருண்டையாகப் பிடித்து சிங்துவான், பச்சை உருண்டை, என்பார்கள். ஷாவ்சிங்காரர்களுக்கு ஐ ஜியாவ். இவர்கள் இன்னொரு செடியையும் இதற்குப் பயன்படுத்துவது உண்டு. மஞ்சள் பொடிப்பூ பூக்கும் அதற்கு இந்த ஊரில் ஒரு தனிப் பெயர், ஹுவாங்ஹுவா மைகுவோ.

மூங்கில் தட்டில் வெந்து இறங்கியதும் பசுமை இன்னும் ஆழமாகி மினுமினுக்கும். ஒன்றைச் சுடச்சுட எடுக்கப் போனேன். ஆயி துணியைப் போட்டு மூடிவிட்டார்.

"நாளைக்கு. ஆறினபின். நாளைக் காலையில் நம் வீட்டில் அடுப்பு கிடையாது."

எல்லா வீட்டிலும் இப்போது இப்படி இல்லை. சூடாகவே தின்பவர்கள் நிறைய. ஆனால் ஆயியின் பாட்டி சிங்மிங் காலையில் அடுப்பைத் தொட மாட்டாராம், ஆயியும் தொடுவதில்லை. ஏனென்று நான் கேட்ட வருஷம் அவர் சொன்ன பதில் ஒரே ஒரு பெயர்: ஜியே சுதுய். சீனாவில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இந்தக் கதை தெரியும்.

கி.மு. 7-ஆம் நூற்றாண்டு. ஜின் என்று ஒரு நாடு. வாரிசுச் சண்டையில் உயிருக்குப் பயந்து சோங்எர் என்ற இளவரசன் நாட்டை விட்டு ஓடுகிறான். பத்தொன்பது வருஷம் நாடு நாடாக அலைச்சல். கூடவே போன சிலரில் ஒருவர் ஜியே சுதுய். ஒரு கட்டத்தில் தின்ன எதுவுமே இல்லாமல் இளவரசன் சுருண்டு விழ, ஜியே சுதுய் தன் தொடைச் சதையை அறுத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்பது கதை. கி.மு. 636-இல் சோங்எர் ஊர் திரும்பி ஆட்சியைப் பிடித்தான். ஜின் நாட்டு வென் கோமகன் என்று வரலாற்றில் பெரிய பெயர் எடுத்தவன் அவன்தான். கூட வந்தவர்களுக்கெல்லாம் பதவி, நிலம். ஜியே சுதுய் மட்டும் கேட்கவில்லை. கேட்காதவரை அவன் மறந்துவிட்டான். அவர் தன் தாயைக் கூட்டிக்கொண்டு மியன் மலைக்குப் போய்விட்டார்.

பிறகு நினைவு வந்து கோமகன் மலைக்குப் போகிறான். அவர் இறங்கி வரவில்லை. மூன்று பக்கம் தீ வைத்தால் நான்காவது பக்கமாக இறங்கித்தானே ஆக வேண்டும் என்று யாரோ யோசனை சொல்ல, மலைக்குத் தீ வைக்கிறார்கள். தீ அணைந்தபின் போய்ப் பார்த்தால் தாயும் மகனும் ஒரு வில்லோ மரத்தைக் கட்டிக்கொண்டு கருகிக் கிடந்தார்கள். அன்றைய நாளில் இனி யாரும் தீ மூட்டக் கூடாது, ஆறின சோறுதான் என்று கோமகன் ஆணையிட்டான். அதுதான் ஹன்ஷி, குளிர்ந்த உணவு நாள். அந்த மலை இன்றும் ஷான்ஸி மாகாணத்தில் இருக்கிறது. அடிவாரத்து ஊரின் பெயர் ஜியேசியு, ஜியே ஓய்ந்த இடம்.

இந்தக் கதையை மிகப் பழைய வரலாற்று நூலில் தேடினால் தீயே இல்லை! தொடைச் சதையும் இல்லை. தாயும் மகனும் ஒதுங்கிப் போனார்கள், ஒளிந்தபடியே இறந்தார்கள், கோமகன் தேடிக் கிடைக்காமல் ஒரு நிலத்தை அவர் பெயரில் படையலுக்கு ஒதுக்கி, என் தவறுக்கு இது அடையாளமாக இருக்கட்டும் என்றான், அவ்வளவுதான். தீ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வசந்தத்தில் பழைய நெருப்பை அணைத்துவிட்டுப் புது நெருப்புக் கடையும் வழக்கம் சீனாவில் மிகப் பழையது, அணைந்த அடுப்புக்கு ஒரு காரணம் சொல்லத்தான் ஜியே சுதுய் வந்தார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் ஆயியிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. கேட்காத ஒரு மனிதரை மறந்துபோன குற்ற உணர்வு அந்தப் பழைய வடிவத்திலேயே முழுசாக இருக்கிறது. அதற்குத் தீ தேவைப்படவில்லை.

குளிர்ந்த சோறு என்றால் கேட்க அழகாக இருக்கிறது. தொடக்கத்தில் அது ஒற்றை நாளாக இருக்கவில்லை, வசந்தத்திலும் வரவில்லை. ஷான்ஸியின் தாய்யுவான் வட்டாரத்தில் நடுக் குளிர்காலத்தில் ஒரு மாதம் முழுக்க அடுப்பை அணைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே குளிர் எலும்பைத் தொடும். கிழவர்களும் குழந்தைகளும் வருஷா வருஷம் செத்திருக்கிறார்கள். 2-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதிக்கு ஆளுநராக வந்த ஜோவ் ஜு என்பவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் முதலில் ஜியே சுதுய்க்குத்தான் கடிதம் எழுதினார். கடுங்குளிரில் தீயை அணைத்தால் மக்கள் உயிர் போகிறது, இது நல்லவரான உங்கள் விருப்பமாக இருக்காது என்று எழுதி, அவருடைய கோவிலில் கொண்டுபோய் வைத்தார். அப்புறம்தான் மக்களிடம் போய் அடுப்பை மூட்டச் சொன்னார். செத்தவரிடம் அனுமதி வாங்கிவிட்டு உயிரோடு இருப்பவர்களிடம் பேசிய அந்த அதிகாரியை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

அந்த நூற்றாண்டு முடிந்து சில வருஷத்தில் வந்த படைத்தலைவர் ட்சாவ் ட்சாவ் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குளிர்ந்த உணவு முறைக்கே தடை. மீறினால் வீட்டுத் தலைவருக்கு ஆறு மாதத் தண்டனை, பொறுப்பு அதிகாரிக்கு நூறு நாள், வட்டாரத் தலைவருக்கு ஒரு மாதச் சம்பளம் போச்சு. ஆணை கடுமையானதுதான். ஆனால் வழக்கம் சாகவில்லை. நாள் சுருங்கி, குளிர்காலச் சங்கிராந்தியிலிருந்து நூற்றைந்தாம் நாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போது அது சிங்மிங்குக்கு ஓரிரு நாள் முன்னால் வரும்.

சிங்மிங் என்பது முதலில் பண்டிகையே கிடையாது. சிங் என்றால் தெளிவு, மிங் என்றால் வெளிச்சம். சீனர்கள் சூரியனின் ஒரு வருஷப் பாதையை இருபத்து நான்கு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பருவத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இந்தக் கணக்கு ஏறியது. இளவேனில் சம இரவு நாளிலிருந்து பதினைந்து பாகை சூரியன் நகர்ந்தால் சிங்மிங். அதனால்தான் மற்ற சீனப் பண்டிகைகள் நிலாவோடு முன்னே பின்னே அலையும்போது இது மட்டும் ஏப்ரல் 4 அல்லது 5-ஐ ஒட்டியே நிற்கிறது. நமக்குத் தீபாவளி அலைவதும் பொங்கல் அசையாமல் இருப்பதும் மாதிரி. சிங்மிங்கை ஒட்டிப் பூசணி வை, அவரை ஊன்று என்று ஒரு பழமொழி இங்கே எல்லோர் வாயிலும் உண்டு. உழவருக்கான நாள் இது. கல்லறைக்குப் போகும் வழக்கம் ஹன்ஷியோடு சேர்ந்தது. 732-இல் தாங் பேரரசர் சுவன்ட்சோங் ஓர் ஆணை போட்டார்: ஹன்ஷியில் கல்லறைக்குப் போவது சாத்திரங்களில் இல்லை, ஆனால் மக்களிடம் வழக்கமாகிவிட்டது, ஆகவே போகலாம். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நாளும் ஒட்டிக்கொண்டன. நான்கு நாள் விடுமுறை கொடுத்தார்கள், பிறகு அது ஏழு நாள் வரைக்கும் போனது. ஹன்ஷியில் அணைந்த தீயை சிங்மிங் அன்று அரண்மனையில் வில்லோ, எல்ம் கட்டைகளில் கடைந்து எடுத்து, அந்தப் புது நெருப்பை அமைச்சர்களின் வீடுகளுக்கு அனுப்புவார்களாம். ஹன்ஷியை இன்று பெரும்பாலான இடங்களில் மறந்துவிட்டார்கள். ஆயியின் மூடிவைத்த கொழுக்கட்டையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

காலையில் அடுப்பு இல்லை. வென்னீர்க் குடுவையில் ராத்திரியே நிரப்பி வைத்த நீர், ஆறிப்போன ஐ ஜியாவ். ஆறினால்தான் ருசி என்று இப்போது நானும் சொல்வேன். மாவு இழுபட்டு, மெல்ல மெல்ல அந்தக் கசப்பும் வாசனையும் இறங்கும். ஏழு மணிக்கு ஆயியின் மகன் கார் எடுத்து வந்தார். பின்சீட்டில் அவர் மகள், எட்டு வயது, மடியில் ஒரு காற்றாடி.

கல்லறைக்குப் போகும் நாளில் காற்றாடியா என்று முதல் வருஷம் திகைத்திருக்கிறேன். சீனாவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கல்லறைத் திருநாள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களும் செங் பெங், அங்கே சிங்மிங்குக்கு அதுதான் பெயர், என்றதும் முதலில் கல்லறையைத்தான் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் பாதிதான். ஹன்ஷி, சிங்மிங் இரண்டோடும் மூன்றாவதாக இன்னொரு பண்டிகையும் கரைந்திருக்கிறது. மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் ஆற்றங்கரைக்குப் போய் நீரால் தீட்டுக் கழித்து, உண்டு குடித்துப் பொழுது போக்கும் ஷாங்ஸி. அதன் மிகப் புகழ்பெற்ற நாள் இந்த ஊரிலேயே நடந்தது. 353-ஆம் ஆண்டு, ஷாவ்சிங்குக்குத் தென்மேற்கே லான்திங்கில், எழுத்துக்கலையின் பேராசான் வாங் ஷிச்சி நாற்பது நண்பர்களுக்கு மேல் கூட்டி வளைந்தோடும் ஓடைக்கரையில் உட்காரவைத்தார். மதுக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட, அது யார் எதிரில் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும், முடியாவிட்டால் குடிக்க வேண்டும். முப்பத்தேழு கவிதை சேர்ந்தது. அதற்கு அவர் எழுதிய முன்னுரையின் முதல் பாதி தெளிந்த வானம், இதமான காற்று என்றுதான் போகிறது. பாதியில் சாவுக்குத் திரும்பிவிடுகிறது. இவ்வளவு சந்தோஷமும் கண் மூடித் திறப்பதற்குள் பழசாகிவிடுகிறதே என்ற துக்கம். இன்றைக்கும் மலைக்குப் போகிற எங்கள் காரில் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. டிக்கியில் படையல், பின்சீட்டில் காற்றாடி.

ஷாவ்சிங்காரர்கள் இதைப் பற்றி வெட்கப்பட்டதே இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த ஊர்க்காரர் ஜாங் தாய் எழுதியிருக்கிறார்: இங்கே கல்லறைக்குப் போவதென்றால் நல்ல உடுப்பு, வண்ணப் படகு, குழலும் முரசும், ஹாங்சோவ் ஆட்கள் ஏரியில் உலாப் போவது மாதிரி. இது வாய்க்கால்களின் ஊர். சாலை வருவதற்கு முன் மலைக்குப் போக வழி நீர்தான். ஆயி சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூடப் படகில்தான் போனார்களாம். துடுப்புச் சத்தம், கரையெல்லாம் மஞ்சளாகக் கடுகுப்பூ, படகில் ஏற்றிய வாத்து மாதிரி எல்லாரும் நெருக்கிக்கொண்டு. இப்போது பாலத்தின்மேல் கார்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. 2008-இலிருந்து சிங்மிங் அரசு விடுமுறை. ஒரே நேரத்தில் எல்லோரும் கிளம்பினால் இப்படித்தான்.

மகன் வண்டி ஓட்ட, ஆயி மடியில் ஒரு பையை வைத்து வெள்ளிநிறத் தாளை மடித்துக்கொண்டே வந்தார். பழைய காலத்து வெள்ளிக் கட்டி படகு வடிவில் இருக்கும், அதற்கு யுவான்பாவ் என்று பெயர். அதே வடிவில் தாளை மடித்து முன்னோருக்கு எரிப்பது வழக்கம். அந்தத் தாளின் மேல் ஒட்டியிருப்பது வெள்ளீயம். அதைச் சுத்தியலால் அடித்து அடித்து மெல்லிய இதழாக்கும் தொழிலில் ஷாவ்சிங் அவ்வளவு பெயர் எடுத்ததால், வெள்ளீயம் பாதி நகரம் என்றே ஒரு பெயர் இருந்தது. நகரத்தில் பாதிப்பேருக்கு அதில் பிழைப்பு. ஆயியின் அப்பாவும் அந்தச் சுத்தியல்காரர்தான். மதிய வேளையில் தெரு முழுக்க அந்த டொக் டொக் சத்தம் கேட்கும், அது நின்றால்தான் குழந்தைகள் விழித்துக்கொள்வார்கள் என்று ஒரு முறை சொன்னார்.

தீ கூடாது என்று தொடங்கிய நாளில் தீயில் இடுவதே முக்கியமாகிப் போனது எப்படி? ஹன்ஷியில் தீ மூட்ட முடியாததால் தாள் காசைக் கல்லறைமேல் தொங்கவிட்டோ கல்வைத்து அழுத்தியோ வந்திருக்கிறார்கள். ஹன்ஷி மங்க மங்க எரிப்பது பெருகியது. ஆனால் மேட்டின் உச்சியில் மஞ்சள் தாளைக் கல்லால் அழுத்தி வைப்பதும் இன்றுவரை நிற்கவில்லை. காற்றில் அது படபடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தாலே, இந்தக் கல்லறைக்கு ஆள் வந்து போயிருக்கிறது, வம்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

இப்போது தீக்கு மறுபடியும் தடை. ஏப்ரலில் மலை காய்ந்து கிடக்கும், மூங்கில் சருகு பொறி பட்டால் போதும். அடிவாரத்தில் சிவப்புக் கைப்பட்டை கட்டிய தன்னார்வலர்கள் நின்று லைட்டரையும் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கொத்துச் சாமந்தி கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் விடாமல் அறிவிப்பு. ஆயி முணுமுணுப்பார் என்று எதிர்பார்த்தேன். பையைக் கொடுத்துவிட்டு, கீழே அதற்கென்று கட்டியிருக்கும் உலையில் திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். ஜோவ் ஜுவின் கடிதம் எனக்கு நினைவுக்கு வந்தது. மலையைக் காப்பாற்றத்தானே என்று செத்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

ஏறும் வழியெல்லாம் தேயிலைச் செடி. சிங்மிங்குக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் விலை, இன்றைக்குள் பறிக்கிற அவசரத்தில் கூடையோடு பெண்கள். மேலே போகப் போகச் சரிவெல்லாம் சிவப்பாக மலை அசேலியா. பேத்தி அதன் இதழைப் பிய்த்துத் தின்றுகொண்டே வந்தாள், எனக்கும் கொடுத்தாள். புளிக்கும்.

ஷூஷூவின் கல் நான்காவது வரிசையில். ஆயியின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், சித்தப்பா மாதிரி. 2019 நவம்பரில் போனார். கணக்கு வழக்கு தெரியாமல் நான் வந்து இறங்கிய காலத்தில், மாலையில் வாய்க்கால் ஓரம் கூட்டிப்போய்க் கடைப் பலகைகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

முதல் வருஷச் சிங்மிங் ஒரு வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய முதல் சிங்மிங் 2020-இல் வந்தது. மலைக்குக் குடும்பமாகப் போகக் கூடாது, மகன் மட்டும் போய்வந்தார். அந்த வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதியையே தொற்றில் இறந்தவர்களுக்கான நாட்டின் துக்க நாளாக அறிவித்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு மூன்று நிமிஷம். கொடிகள் பாதியில் நின்றன. தெருவில் கார்கள் நின்ற இடத்திலேயே ஹாரனை அழுத்தின, சங்கு ஊதியது. ஆயி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், நான் பக்கத்தில். சத்தம் நின்றபின், "இவ்வளவு பேர் சேர்ந்து அவருக்கும் ஊதினார்கள்" என்றார். அவர் தொற்றில் இறந்தவரே இல்லை. நான் தலையாட்டினேன்.

சிங்மிங்கில் நாடே துக்கம் காட்டியது அது முதல் முறை இல்லை. 1976 ஜனவரியில் பிரதமர் ஜோவ் என்லாய் இறந்தபின் வந்த சிங்மிங்கில் பெய்ஜிங்கின் தியானென்மென் சதுக்கம் மலர் வளையங்களால் நிறைந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அவற்றை அப்புறப்படுத்தியதும் ஏப்ரல் 5 அன்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜோவின் பூர்வீகம் ஷாவ்சிங். 1939 மார்ச்சில் போர் நடுவே இங்கே வந்து முன்னோர் கல்லறைகளை வணங்கிவிட்டுப் போனவர். ஊர்ப் பெரியவர்கள் அதை இன்னும் தங்கள் வீட்டுச் செய்தி மாதிரியே சொல்வார்கள்.

மகன் களை பிடுங்கினார், நான் துடைத்தேன். முதலில் பக்கத்தில் இருக்கும் நிலத் தெய்வத்துக்குச் சின்னப் படையல். வீட்டுக்காரரைப் பார்க்குமுன் காவல்காரருக்குச் சொல்லிவிட்டுப் போவது மாதிரி. அப்புறம் கல்லுக்கு முன்னால் மீன், கோழி, டோஃபு, மூங்கில் குருத்து, ஐ ஜியாவ். மூன்று கிண்ணத்தில் ஷாவ்சிங் அரிசி மது. ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி. எல்லாம் நேற்றே சமைத்தது, எல்லாம் ஆறினது. ஆளுக்கு ஆள் வணங்கிவிட்டுச் செய்தி சொல்ல வேண்டும். மகன் வீட்டுக் கடனில் எவ்வளவு மிச்சம் என்றார். பேத்தி நீச்சலில் இரண்டாவது வந்ததைச் சொன்னாள். நானும் மூன்று முறை குனிந்து, சந்தைப் பக்கத்துப் புதுப் பலகை எதையும் இப்போது கேட்காமலே படித்துவிடுகிறேன் ஷூஷூ என்றேன். தமிழில்தான் வந்தது.

அதற்குப் பின் ஆயி பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவும் தூரிகையும் எடுத்தார்.

இங்கே கணவன் மனைவிக்குச் சேர்த்தே கல் செதுக்குவார்கள். ஒருவர் போனதுமே இருவர் பெயரும் ஏறிவிடும். போனவர் பெயர் கறுப்பு, இருப்பவர் பெயர் சிவப்பு. ஷூஷூவின் பெயருக்குப் பக்கத்தில் ஆயியின் பெயர் ஆறு வருஷ மழையில் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. மகன் தூரிகையைக் கேட்டார். ஆயி கொடுக்கவில்லை. கல்லின் முன் ஒரு செய்தித்தாளைப் போட்டு மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் பெயரின் ஒவ்வொரு கோட்டையும் தானே சிவப்பால் நிரப்பினார். டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். கை நடுங்கவில்லை.

"மங்கிப்போனால் அவர் குழம்பிப்போவார். நான் கிளம்பிவிட்டேனோ என்று பார்த்துக்கொண்டிருப்பார்" என்றார்.

மகன் அந்தப் பக்கம் திரும்பி மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுவைத் தரையில் ஊற்றிவிட்டு, படையலைப் பிரித்து அங்கேயே உட்கார்ந்து தின்றோம். அடுத்த வரிசைக் குடும்பம் ஆரஞ்சுப் பழம் கொடுத்தது, நாங்கள் ஐ ஜியாவ் கொடுத்தோம். தேயிலைச் சரிவுக்குக் கீழே வெட்டவெளியில் காற்றாடி ஏறியது. நூலை அறுத்துவிட்டால் வருஷத்துக் கெடுதல் எல்லாம் அதோடு போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. பேத்தி அறுக்க மாட்டேன் என்றாள், அது அவளுக்குப் பிடித்த காற்றாடி. யாரும் வற்புறுத்தவில்லை.

இறங்கும்போது உலையில் வெள்ளித் தாள் படகுகளைப் போட்டு முடித்தோம். சாம்பல் மேலே சுழன்றது. தன்னார்வலர் பெண் ஒரு டப்பாவில் கிடந்த லைட்டர்களைக் கிளறி, பச்சை நிறத்தில் ஆயியின் லைட்டரைச் சரியாக எடுத்துக் கொடுத்தாள்.

வீடு வந்து சேர மூன்று மணி. வாளியில் ஊறவைத்திருந்த ஆற்று நத்தைகள் மண் கக்கித் தெளிந்திருந்தன. சிங்மிங் நத்தை ஒரு பெருவாத்துக்குச் சமம் என்பது இந்தப் பக்கத்துச் சொல், குஞ்சு வைக்குமுன் சதை பிடித்திருக்கும். நான் அதைத் தின்பதில்லை, ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவரோடு உட்கார்ந்து வால் நுனியை வெட்டிக் கொடுப்பேன். ஆயி கையைக் கழுவினார். நகத்தோரம் சிவப்பு போகவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு, அடுப்பைத் திருகி, அந்தப் பச்சை லைட்டரால் பற்றவைத்தார்.